திருட்டா, கொள்ளையா, மோசடியா? ரிப்போர்ட் செய்யப் போகும் முன் சொற்களைப் பிரித்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் டவுன் மலேசியாவில், சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சின்ன ஊர். போலீஸ் நிலையத்துக்கு எதிர்வரிசையில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். பாலாயில் (போலீஸ் நிலையத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) இருந்து வெளியே வருகிறவர்கள் ரிப்போர்ட்டை நகல் எடுக்க நேராக என் கடைக்கு வருவார்கள். கையெழுத்துப் போட்டு முடித்தபின் அங்கே நின்றுதான் அதை முதல்முறையாகப் படிப்பார்கள், படித்ததும் "நான் இப்படிச் சொல்லலையே" என்பார்கள்.

அப்படி ஒரு சித்தி வந்தார். சங்கிலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் தமிழில் "நகையை அடிச்சிட்டான்" என்று சொல்ல, துணைக்குப் போன அக்கா பையன் பதற்றத்தில் அதை மலாயில் "புக்குல்" என்று பெயர்த்திருக்கிறான். தாளில் சித்தி அடிவாங்கியதாக இருந்தது, சங்கிலி கடைசி வரியில்தான் வந்தது. தப்பு போலீஸ் மேல் இல்லை, கேட்டதைத்தான் எழுதினார்கள்.

அந்தத் தப்பைத் தவிர்க்கத்தான் இது. நான் வக்கீல் இல்லை. ஆனால் எந்தச் சொல்லில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வரிசை முக்கியம், அதனால் தாண்டாமல் படியுங்கள்.

1. கிளம்பும் முன்: பொருளும் தாளும்

அடையாள அட்டை, போன், சம்பவத்தைக் காட்டும் படங்கள், போன பொருளின் ரசீது அல்லது பழைய படம், மோட்டார் என்றால் கிராண்ட், அதாவது வாகனப் பதிவுத் தாள். மெசேஜ் இருந்தால் அழிக்காதீர்கள். கோபத்தில் அந்த நம்பரை பிளாக் செய்து, உரையாடலையும் அழித்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். முதலில் ஸ்கிரீன்ஷாட், அப்புறம் கோபம்.

இரண்டு சந்தர்ப்பத்தில் மட்டும் இந்தப் பகுதியை விட்டுவிட்டு ஓட வேண்டும். ஆள் இன்னும் வீட்டு வாசலில் நிற்கிறான், அல்லது ரத்தம் நிற்கவில்லை என்றால் 999. வங்கிக் கணக்கில் இருந்து பணம் ஏமாற்றி எடுக்கப்பட்டது என்றால் உடனே வங்கிக்கும் மோசடிக்கென்றே உள்ள 997 எண்ணுக்கும் போன் அடிக்க வேண்டும், பாலாய் அதற்கப்புறம். காரணத்தை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

எந்த பாலாய் என்று குழம்ப வேண்டாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவுப்படி, மலேசியாவில் எங்கே நடந்த குற்றத்தைப் பற்றிய தகவலையும் போலீஸ் ஏற்றுக்கொள்ள வேண்டும். கிள்ளானில் பையைப் பறிகொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தவர் இங்கேயே ரிப்போர்ட் செய்யலாம். விசாரணை மட்டும் சம்பவம் நடந்த மாவட்டத்துக்குப் போகும்.

2. முதலில் நடந்தது, குற்றத்தின் பெயர் அப்புறம்

புதிதாகப் போகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, கவுண்டரில் நின்றதும் குற்றத்தின் பெயரைச் சொல்வது. "துவான், கொலை முயற்சி!" என்று தொடங்குவார்கள். அப்புறம் கதையைக் கேட்டால் தள்ளுமுள்ளு. பெயரும் கதையும் பொருந்தவில்லை என்றால் மீதிக் கதையையும் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு, எங்கே, யார், என்ன செய்தான், என்ன போனது அல்லது எங்கே அடி. நேர வரிசையில். "நல்ல பையன்னுதான் நெனச்சேன், அவங்க அப்பாவும் அப்படித்தான்" என்பதெல்லாம் வேண்டாம். எந்தப் பிரிவு என்று முடிவு செய்வது போலீசும் அரசுத் தரப்பு வழக்கறிஞரும். ஆனால் அவர்கள் முடிவு செய்ய ஒன்றிரண்டு விவரங்கள் தேவை. அவற்றைத் தவறவிடாமல் இருக்கத்தான் குற்ற வகைகளின் பெயர்களை நாம் தெரிந்துவைத்துக்கொள்கிறோம்.

நேரத்தைத் துல்லியமாகச் சொல்லச் சொல்வதற்கும் காரணம் உண்டு. சூரியன் மறைந்து மறுபடி உதிப்பதற்குள் நடந்தால் கொள்ளைக்குத் தண்டனை கூடும், வீடு புகுவதற்குப் பிரிவே மாறும். "சாயங்காலம் போல" என்று சொன்னால் ஆறரையா எட்டா என்று யாருக்கும் தெரியாது.

3. நம் வாயில் இருக்கும் கண்ணிகள்

பேச்சுத் தமிழில் ஒரு சொல்லை மூன்று வேலைக்கு வைத்திருக்கிறோம். வீட்டில் பேசும்போது முகத்தைப் பார்த்தே புரிந்துவிடும். மொழிபெயர்க்கும்போதுதான் வினை.

"அடிச்சிட்டான்" என்பதை மேலே பார்த்தோம். "சுட்டுட்டான்" அதைவிட மோசம், திருடியதையும் சொல்லும் துப்பாக்கியையும் சொல்லும். "கை வச்சிட்டான்" என்றால் அடித்தான், திருடினான், பெண்ணிடம் தகாத முறையில் நடந்தான், மூன்றும் ஆகும். மூன்றுக்கும் வெவ்வேறு பிரிவு.

"கடத்தல்" எழுத்துத் தமிழிலேயே குழப்பம். ஆளைக் கடத்தினால் மலாயில் சூலிக். வரி கட்டாத சிகரெட்டைக் கடத்தினால் செலுடுப். போதைப்பொருள் கடத்தல் என்று பத்திரிகையில் வருவது பெரும்பாலும் பெங்கெடாரான், அதாவது விநியோகம். மகள் காதலித்தவனோடு போய்விட்டாள் என்றதும் "கடத்திட்டான்" என்று ரிப்போர்ட் செய்ய வருகிற பெற்றோர் உண்டு. பெண்ணுக்குப் பத்தொன்பது வயது, தன் விருப்பத்தோடு போயிருக்கிறாள் என்றால் அது சூலிக் இல்லை. எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை என்றால் "ஆள் காணவில்லை" என்ற ரிப்போர்ட் செய்யலாம். அதற்கு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பாதுகாவலரிடம் இருந்து பதினாறு வயதுக்குக் கீழ் உள்ள பெண்ணை அழைத்துப் போனால், அவள் சம்மதித்திருந்தாலும் அது ஆள் கடத்தல்தான். பையனுக்கு அந்த வயது வரம்பு பதினான்கு. ஆகவே அங்கே வயதுதான் முதல் வரி.

செய்ய வேண்டியது எளிது. இந்தச் சொற்கள் வாயில் வந்தால் நிறுத்திவிட்டு, உடம்பு என்ன செய்தது என்று சொல்லுங்கள். "வலது கையால் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான்" என்ற வாக்கியத்தை எவ்வளவு மோசமாக மொழிபெயர்த்தாலும் பொருள் மாறாது.

4. பொருள் போனால்: கையை விட்டு எப்படிப் போனது?

அதிகமாக வருவது இதுதான், அதிகமாகக் குழம்புவதும் இதுதான். பொருள் என்ன, விலை என்ன என்பதைவிட, அது உங்கள் கையை விட்டுப் போன விதம்தான் குற்றத்தின் பெயரைத் தீர்மானிக்கிறது.

எங்கே போனது என்றே தெரியவில்லையா? அது ஹிலாங், தொலைந்தது. குற்றமே இல்லை. அடையாள அட்டை தொலைந்தால் பதிவிலாகாவில் அபராதம் உண்டு, குற்றச் செயலில் பறிபோனது என்றால் ரிப்போர்ட்டைக் காட்டி அபராதத்தில் இருந்து விலக்குப் பெறலாம். இது தெரிந்த சிலர் சந்தையில் தவறவிட்டதைத் "திருடிட்டாங்க" என்று எழுதச் சொல்வார்கள். செய்யாதீர்கள். பொய்த் தகவல் தருவது குற்றவியல் சட்டத்தின் 182ஆம் பிரிவில் குற்றம். நூறு இருநூறு வெள்ளியை (ரிங்கிட்டை) பார்த்து நீங்களே குற்றவாளியாகிவிடக் கூடாது.

நீங்கள் பார்க்காதபோது, சம்மதம் இல்லாமல், சத்தமில்லாமல் எடுத்துப் போனால் சூரி, திருட்டு. குற்றவியல் சட்டம் 378 அதை விளக்குகிறது, 379 தண்டனை சொல்கிறது, ஏழு ஆண்டு வரை. அதே திருட்டு ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் நடந்தால் 380, பத்து ஆண்டு வரை போகும். கடை வாசலில் நிறுத்திய மோட்டார் போனால் 379ஏ என்று வாகனத்துக்கே தனிப் பிரிவு இருக்கிறது. ஆகவே "கேஸ் தோம்பு போச்சு" என்று மட்டும் சொல்லாமல், சமையலறைக்குள் இருந்ததா, வெளியே சுவர் ஓரம் இருந்ததா என்று சொல்லுங்கள்.

செம்பனைக் குலை திருட்டும் இதே சூரிதான். "பழம்தானே" என்று பலர் ரிப்போர்ட் செய்வதில்லை. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கிறவருக்கு ஒரு லோரிக் குலை போனால் அந்த மாதமே போனது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் 411ஆம் பிரிவில் வாங்கியவனும் மாட்டுவான். எந்தத் திசையில் லோரி போனது, எந்தக் கொட்டகையில் குலை வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது கொள்ளை. திருட்டில் காயமோ, உடனே காயம் வரும் என்ற பயமோ, ஆளைத் தடுத்து நிறுத்தியதோ சேர்ந்தால் அது சாமூன் ஆகிவிடுகிறது. செய்தியில் ரொம்பாக் என்றும் காதில் விழும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆட்கள் விட்டுவிடும் விவரம் பயம்தான். "பாராங் (வெட்டுக்கத்தி) வச்சிருந்தான், ஆனா வெட்டலை, சும்மா காட்டினான்" என்று பெருந்தன்மையாகச் சொல்வார்கள். அந்தச் சும்மாவில்தான் குற்றமே இருக்கிறது! காட்டினான், நான் பயந்தேன், அதனால் கொடுத்தேன். இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். எத்தனை பேர் என்பதும் முக்கியம், ஏனென்றால் கூட்டாகச் செய்தால் சாமூன் பெர்கும்புலான் என்று தனிப் பிரிவு.

ராகுட், வழிப்பறி, இரண்டுக்கும் நடுவில் நிற்கும். மோட்டாரில் வந்து பையை இழுத்துக்கொண்டு போகிறான். விழுந்தீர்களா, முட்டி தேய்ந்ததா, கழுத்தில் கீறலா என்பதைப் பொறுத்துக் கனம் மாறும். பை போன கவலையில் முட்டியை மறந்துவிடுகிறார்கள். மறக்காதீர்கள், படம் எடுத்துவையுங்கள்.

கடைசியாக பெச்சா ரூமா, வீடு புகுதல். பெச்சா என்றால் உடைத்தல் என்பதால் ஏதாவது உடைந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பூட்டைத் திறந்து வந்தாலும், சாத்திய ஜன்னலைத் தள்ளி ஏறி வந்தாலும், ஆள் நுழைவதற்கு என்று இல்லாத வழியாக வந்தாலும் வீடு உடைத்தல்தான். லயத்து வீடுகளில் பின்கட்டு ஓட்டைப் பிரித்து இறங்குவது பழைய பழக்கம், அதுவும் இதில் சேரும். இரவில் என்றால் 457. கதவு திறந்து கிடந்து, நடந்து வந்து எடுத்துப் போனால் அது வேறு கணக்கு. இன்னொன்று, "ஒன்னும் எடுக்கலையே" என்று ரிப்போர்ட் செய்யாமல் விடாதீர்கள். திருடும் எண்ணத்தோடு புகுந்ததே போதும். எடுத்துப் போக ஒன்றும் கிடைக்காதது அவன் நேரம்.

5. நீங்களே கையால் கொடுத்த பணம்

"என் காசைத் திருடிட்டான்" என்று வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: நீங்கள் கொடுத்தீர்களா, அவன் எடுத்தானா? கொடுத்தேன் என்றால் அது சூரி இல்லை. அப்புறம் மூன்று வழி பிரிகிறது.

முதல் வழி திப்பு, மோசடி. கொடுக்கும் முன்பே பொய் சொல்லியிருக்க வேண்டும், அந்தப் பொய்யை நம்பித்தான் கொடுத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் வேலை எடுத்துத் தருகிறேன் என்று 3,000 வெள்ளி வாங்கினான், வேலையே இல்லை. இது 420ஆம் பிரிவு, ஓர் ஆண்டுக்குக் குறையாமல் பத்து ஆண்டு வரை சிறை, பிரம்படி, அபராதமும் சேரும். ரிப்போர்ட்டில் பணத் தொகைக்கு முன்னால் அவன் சொன்ன பொய் வர வேண்டும். எல்லாரும் தொகையில் தொடங்கி, பொய்யைச் சொல்லாமலே முடித்துவிடுகிறார்கள்.

இரண்டாவது பெச்சா அமானா, நம்பிக்கை மோசடி. இங்கே தொடக்கத்தில் பொய் இருக்க வேண்டியதில்லை. நம்பி ஒப்படைத்தீர்கள், அவர் தன் சொந்தத்துக்கு மாற்றிக்கொண்டார். கோயில் திருவிழா வசூல் பொருளாளர் கையில் இருந்து அவருடைய காடிக்கு (காருக்கு) முன்பணமாகப் போனால் இதுதான். அலுவலக கிராணியிடம் கட்டச் சொல்லிக் கொடுத்த பணம் கட்டப்படாமல் போனாலும் இதுதான், வேலைக்காரர் செய்தால் 408 என்று தனியாக இருக்கிறது. என்ன காரியத்துக்காக ஒப்படைத்தீர்கள் என்பதற்கு ஒரு தாள், ஒரு மெசேஜ், ஒரு சாட்சி வேண்டும்.

மூன்றாவது வெறும் கடன். வாங்கும்போது உண்மையாகத்தான் வாங்கினான், இப்போது திருப்பித் தர முடியவில்லை அல்லது மனமில்லை. மனசுக்கு இது ஏமாற்றுதான். சட்டத்துக்கு சிவில். ரிப்போர்ட் செய்தாலும் கோர்ட்டுக்குப் போங்கள் என்றுதான் சொல்வார்கள். சிறிய தொகை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே போடும் சிறு கோரிக்கை வழக்கு உண்டு. கடனை மோசடியாக எழுத வைக்க முயல்கிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

கூட்டுக் காசு, அதாவது பலர் சேர்ந்து மாதாமாதம் போடும் சீட்டுப் பணம், தனித் தலைவலி. தலைவி பணத்தை எடுத்துக்கொண்டு ஊரை விட்டே போய்விடுவார். கூட்டை வியாபாரமாக நடத்துவதையே 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதி தடைச் சட்டம் தடை செய்திருக்கிறது. பெயரிலேயே நம் தமிழ்ச் சொல் இருக்கிறது பாருங்கள், எந்தப் பெருமைக்கு என்று தெரியவில்லை. அதனால் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். ஆனால் "கூட்டு போட்டேன், ஏமாத்திட்டா" என்ற ஒரு வரி போதாது. எத்தனை பேர், மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் யார் கையில் கொடுத்தீர்கள் என்ற கணக்கை எழுதிக்கொண்டு போங்கள். ஏமாந்த எல்லாரும் தனித்தனியாக ரிப்போர்ட் செய்ய வேண்டும், ஒருவர் போய் இருபது பேருக்குப் பேசினால் மற்றப் பத்தொன்பது பேர் கொடுத்த பணத்துக்கு விவரம் இருக்காது.

போன், இணைய மோசடியில் மட்டும் வரிசை தலைகீழ். முதலில் 997, தேசிய மோசடி பதில் மையம், 2022 அக்டோபரில் தொடங்கியது. பணம் வாடகைக் கணக்குகள் வழியாகத் தாவித் தாவிப் போகும், கடைசிக் கணக்கை எட்டுவதற்குள் தடுத்தால்தான் ஏதாவது மிஞ்சும். பாலாயில் வரிசையில் நிற்கும் ஒரு மணி நேரத்தில் காசு நாலு கணக்கு தாண்டியிருக்கும். இனிமேல் யாருக்காவது பணம் போடும் முன் செமாக் மியூல் என்ற போலீஸ் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள்.

6. உடம்பில் பட்ட அடி

அடிதடியில் எல்லாரும் கேட்பது "ஏன் உடனே பிடிக்க மாட்டேங்கிறாங்க?" சாதாரணக் காயம், செடெரா, 323ஆம் பிரிவு. அதில் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது. அதே அடி ஆபத்தான ஆயுதத்தால் என்றால் 324, அப்போது முடியும். எலும்பு முறிந்தால் அது கடுங்காயம், செடெரா பாரா, இன்னும் பெரிய பிரிவு.

ஆக மூன்று விவரம்: எதால் அடித்தான், எங்கே பட்டது, மருத்துவர் என்ன எழுதினார். ஒரு அண்ணன் "கன்னத்துல ஒன்னு விட்டான் துவான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். என் கடையில் நின்று பேசும்போதுதான் வாயைப் பொத்திக்கொண்டே பேசுவதைப் பார்த்தேன், கடைவாய்ப்பல் பாதி போயிருந்தது. பல் ஆடியது அவருக்கு வெட்கமாக இருந்ததாம். திருப்பி அனுப்பினேன்.

அரசாங்க மருத்துவமனைக்குப் போங்கள், அன்றைக்கே. வீக்கம் வடிந்தபின் போனால் அறிக்கையிலும் வீக்கம் இருக்காது. ஹெல்மெட்டும் விறகுக்கட்டையும் ஆயுதமாகலாம், "சும்மா கையில் இருந்ததால அடிச்சான்" என்று சுருக்காதீர்கள்.

கணவன் அடித்தால் "குடும்பச் சண்டை" என்ற சொல்லை மறந்துவிடுங்கள். அந்தச் சொல் வந்ததும் சமாதானப் பேச்சு தொடங்கிவிடும். கெகனாசான் ரூமா தங்கா, குடும்ப வன்முறை என்று சொல்லுங்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குடும்ப வன்முறை சேர்ந்த குற்றங்கள் எல்லாமே வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடியவை. மேலே சொன்ன 323 தடை இங்கே இல்லை. வீட்டுக்குத் திரும்பவே பயமாக இருந்தால் சமூகநல அதிகாரி மூலம் ஏழு நாள் அவசரப் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். 15999, தாலியான் காசே என்ற உதவி எண், அங்கே போன் அடித்தால் வழி சொல்வார்கள்.

7. மிரட்டல், பறித்தல், ஆலோங்

ஊகுட் என்றால் மிரட்டல். பெராஸ் ஊகுட் என்றால் மிரட்டிப் பணமோ பொருளோ வாங்கியது. வித்தியாசம், பயத்தில் ஏதாவது கைமாறியதா என்பதுதான். "நாளைக்குள்ள 500 கொண்டா, இல்லன்னா கடையைக் கொளுத்துவேன்" என்றான், கொடுத்தீர்கள்: பெராஸ் ஊகுட். எதிரில் நின்று கத்தியைக் காட்டி உடனே பிடுங்கினால் நான்காம் பகுதிக்குத் திரும்புங்கள், அது சாமூன்.

மிரட்டலில் எல்லாரும் விடும் தப்பு, வார்த்தையை மென்மையாக்குவது. "என்னென்னமோ சொன்னான்" என்று எழுதினால் அங்கே குற்றமே இல்லை. அவன் சொன்னதை அவன் சொன்ன மொழியிலேயே, கெட்ட வார்த்தை உட்பட, எழுதச் சொல்லுங்கள், பக்கத்தில் மலாய் பொருள் வரட்டும். கொன்றுவிடுவேன் என்று சொன்னானா, பார்த்துக்கிறேன் என்று சொன்னானா என்பதில் தண்டனையே மாறுகிறது.

ஆலோங், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரன், விஷயத்தில் ஆட்கள் பயப்படுவது, கடன் வாங்கியது நம் தப்பு, எப்படிப் போய்ச் சொல்வது என்று. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவதுதான் குற்றம், வாங்கியது இல்லை. கதவில் சிவப்புச் சாயம் ஊற்றினால் அது கியானாட், சொத்து நாசம். கழுவும் முன் படம் எடுங்கள். தினமும் பின்னால் வந்து நிற்பது, விடாமல் அழைத்துத் தொல்லை செய்வது 2023 முதல் 507ஏ பிரிவில் தனிக் குற்றம், தேதியும் நேரமும் குறித்துவையுங்கள்.

8. பெண்கள், பிள்ளைகள்

"தப்பா நடந்துக்கிட்டான்", "கெடுத்துட்டான்". நம் மானத்தைக் காக்க நாமே வைத்துக்கொண்ட மூடிய சொற்கள், பாலாயில் அவை குற்றவாளியைத்தான் காக்கும். தொட்டால் சாபுல், மானபங்கம், 354. ஆபாசப் பேச்சு, சைகை என்றால் 509. வல்லுறவு ரோகோல், 376. சிறுமி பதினாறு வயதுக்குக் கீழ் என்றால் சம்மதம் என்ற பேச்சே எடுபடாது.

குளிக்க வைக்காதீர்கள், உடையைத் துவைக்காதீர்கள். துணிப் பையிலோ காகிதத்திலோ சுற்றி எடுத்துப் போங்கள். பெண் அதிகாரி வேண்டும் என்று கேளுங்கள், டி11 என்ற பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பிள்ளையை நாமே திரும்பத் திரும்பக் கேட்டு, சொல் எடுத்துக் கொடுத்துப் பேச வைப்பது பெரிய தப்பு, பிறகு அது பிள்ளையின் சொல்லா நம் சொல்லா என்று கோர்ட்டில் கேட்பார்கள். சொந்தக்காரன் என்பதால் மூடி மறைக்கலாம் என்று நினைக்கும் பாட்டிமார்களுக்கு ஒன்று: 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

9. போதைப்பொருள் கேஸ் என்று போன் வந்தால்

இது ரிப்போர்ட் செய்ய இல்லை, பிள்ளையைப் பிடித்துவிட்டார்கள் என்று சேதி வரும்போது புரிந்துகொள்ள. மூன்று சொல்: பயன்படுத்தியது, வைத்திருந்தது, விநியோகித்தது. 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தில் முறையே 15, 12, 39பி. ஹெரோயின் 15 கிராம், கஞ்சா 200 கிராம், இந்த அளவை எட்டினால் விநியோகம் என்றே சட்டம் அனுமானிக்கும். 39பியில் கட்டாய மரண தண்டனை 2023இல் நீங்கியது, ஆனால் மரண தண்டனையே நீங்கவில்லை. எந்தப் பிரிவு, எத்தனை கிராம் என்று கேட்டு எழுதிக்கொண்டு வக்கீலிடம் ஓடுங்கள். "கடத்தல் கேஸாம்" என்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் பிறகு 15ஆம் பிரிவு என்று தெரிந்து அழுத குடும்பம் உண்டு.

10. கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

நீங்கள் சொன்னதை எழுதியபின் உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அதுவும் முதல் பகுதியில் சொன்ன அதே 107ஆம் பிரிவில் இருக்கிறது. மலாய் தடுமாறினால் மொழிபெயர்க்க ஆள் கேளுங்கள், வெட்கம் வேண்டாம். அக்கா பையனை அழைத்துப் போவதென்றால் மூன்றாம் பகுதியை அவனுக்கு முதலில் படித்துக் காட்டுங்கள். தேதி, நேரம், ஐசி எண், தொகை, இந்த நான்கையும் விரல் வைத்துப் பாருங்கள். அப்புறம் கையெழுத்து.

நகல் வாங்காமல் வராதீர்கள். விசாரணை அதிகாரியின் பெயரும் நம்பரும் கேட்டு அந்த நகலின் பின்னாலேயே எழுதுங்கள், தனித்தாள் காற்றில் போய்விடும்.

நான்கு வாரம் கழிந்தும் சேதி இல்லையா? வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் 107ஏ பிரிவின்படி விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம், கேட்ட நாளில் இருந்து இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், ரிப்போர்ட் எண்ணைப் போட்டு.

ஏதாவது விட்டுப்போனது ஞாபகம் வந்தால் பழைய தாளில் பேனாவால் சேர்த்து எழுதாதீர்கள், அப்படி எழுதிக்கொண்டு நகல் எடுக்க வந்த தாத்தா ஒருவரைப் பார்த்திருக்கிறேன். மறுபடி பாலாய்க்குப் போய், முதல் ரிப்போர்ட்டின் எண்ணைச் சொல்லி, இது அதன் தொடர்ச்சி என்று இன்னொரு ரிப்போர்ட் செய்யுங்கள். நம் சித்தியும் அதைத்தான் செய்தார். இரண்டாவது தாளில் சங்கிலி முதல் வரியில் இருந்தது, அக்கா பையன் வெளியே மோட்டாரில் உட்கார்ந்திருந்தான்.